துருவும் தேய்மானமும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை வேளை. குற்றாலத்துச் சாரல் மலையை விட்டிறங்கி, வீரகேரளம்புதூர் வட்டாரத்து வயல்கள்மேல் மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. பங்கு இல்லத்தின் முன் ஒரு சுமை ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய இளைஞர் ஒருவர், சாக்குத் துணியால் சுற்றிய பழைய மிதிவண்டி ஒன்றைப் பக்குவமாக இறக்கித் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தார்.

வண்டியைப் பார்த்தவுடனேயே அடையாளம் தெரிந்துவிட்டது. இப்பகுதியின் கிளைக் கிராமங்களில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உபதேசியாராக உழைத்து, இறைவனில் துயில்கொண்ட ஒரு பெரியவரின் வண்டி அது. 1973ஆம் ஆண்டில் பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவாவதற்கு முன்பே அவர் அப்பணியில் இருந்தார். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள் 2019இல் தென்காசி மாவட்டத்துக்குள் வந்ததையும் அந்த வண்டி பார்த்துவிட்டது. வந்திருந்தவர் அவருடைய பேரன். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறவர்.

“ஃபாதர், தாத்தா சைக்கிளைப் புதுசு மாதிரி ஆக்கணும். நீங்கதான் ஒரு நல்ல ஆளைக் காட்டணும்” என்றார்.

நல்ல எண்ணந்தானே என்று மகிழ்ந்தேன். ஆனால் அவர் தம் கைப்பேசியை எடுத்து விரித்துச் சொன்ன திட்டத்தைக் கேட்டபின், என் மகிழ்ச்சியில் பாதி குறைந்தது. அன்று தொடங்கிய ஒரு கேள்வி இன்றுவரை என்னோடு நடந்துவருகிறது. பழைய பொருள் ஒன்றுக்குப் புதிய வண்ணம் பூசுவதில் நன்மை எது, பொய் எது? வாசகர்களோடு சேர்ந்து அதைச் சிந்திக்க விரும்புகிறேன். மிதிவண்டிக்கும் அறநெறிக்கும் என்ன உறவு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பெரிய கேள்விகள் பல நேரங்களில் சிறிய பொருள்களின்மேல் ஏறியே நம் வீட்டு வாசலுக்கு வருகின்றன.

பேரனின் திட்டம்

பேரனின் திட்டத்தில் மூன்று படிகள் இருந்தன. முதலாவது, வண்டியின் பழைய வண்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் பளபளக்கும் கறுப்பு பூசுவது. இரண்டாவது, செயின் கவரில் வெள்ளை எழுத்தில் தாத்தாவே எழுதி வைத்திருந்த பெயரையும் சிறிய சிலுவை அடையாளத்தையும் அழிப்பது. மூன்றாவது, வண்டியின் தலைப்பகுதியிலும் சட்டத்திலும் ‘ராலே’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனத்தின் நாரைத் தலைச் சின்னத்தை ஒட்டுவது. அந்த ஒட்டுப்படங்களை அவர் ஏற்கெனவே அஞ்சலில் வரவழைத்திருந்தார். பார்ப்பதற்கு அசலைப் போலவே பொன்னிறத்தில் மின்னின.

ஏன் ராலே என்று கேட்டேன். நகரத்து விடுதி ஒன்றின் முகப்பில் வைப்பதற்குப் பழைய மிதிவண்டி தேடுகிறார்களாம். ராலே என்றால் நல்ல விலை கொடுப்பார்களாம். அந்தப் பணத்தில் பாட்டியின் ஓட்டு வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. சாரல் காலத்தில் அந்த வீடு ஒழுகுவதை நானே பார்த்திருக்கிறேன். எனவே பேராசைக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பாட்டியின் தலைக்குமேல் நனையாத கூரை வேண்டும் என்பது அன்பின் விருப்பம் அன்றோ?

மறுநாள் இருவருமாக வீரகேரளம்புதூர் கடைவீதிக்குப் போனோம். அங்கே ஐம்பது ஆண்டுகளாக மிதிவண்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சிறிது நேரம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, இது ராலே இல்ல. ராலேன்னா பெரிய பல்சக்கரத்துக்குள்ள மூணு நாரத்தல வெட்டியிருக்கும். இது ஹெர்குலிஸ். நம்ம மெட்ராஸ் அம்பத்தூர் வண்டி.”

பேரன் சற்றே முகம் வாடி, “படம் ஒட்டிட்டா யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?” என்றார்.

“எனக்குத் தெரியுமே தம்பி” என்றார் பெரியவர்.

வண்ணத்துக்குள் இருந்த வண்ணம்

இந்த வண்டிகளின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1880களில் தோன்றியது ராலே. பர்மிங்காம் நகரில் 1910இல் தோன்றியது ஹெர்குலிஸ். அன்றைய இந்தியாவில் இத்தகைய ஆங்கிலேய வண்டிகள் கப்பலில் வந்து இறங்கின. விடுதலைக்குப் பின் இங்கேயே செய்யும் முயற்சிகள் எழுந்தன. ஆங்கிலேய நிறுவனத்தின் கூட்டுறவோடு 1949இல் முருகப்பா குழுமத்தார் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே நிறுவனம் 1950களில் ராலே வண்டிகளைச் செய்தது. தபால்காரரும் ஆசிரியரும் பால்காரரும் உபதேசியாரும் இவற்றை ஓட்டியே நம் கிராமங்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். நாட்டிங்காமில் மிதிவண்டி உற்பத்தி 2002இல் நின்றுபோயிற்று. அங்கே செய்த வண்டிகள் சில இன்னும் நம் ஊர்த் திண்ணைகளில் நிற்கின்றன.

அவ்வண்டிகளின் வண்ணப்பூச்சு எளிய வேலையன்று. இரும்புச் சட்டத்துக்கு எனாமல் பூசி, சூளை போன்ற அடுப்பறையில் வைத்துச் சுட்டு இறுக்குவார்கள். அதன்மேல் நீண்ட மயிர்த் தூரிகையால், அளவுகோல் இல்லாமல், கைநடுக்கம் இல்லாமல், பொன்னிறக் கோடுகள் இழுப்பார்கள். நிறுவனத்தின் பெயரும் சின்னமும் மெல்லிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதை வண்டியின்மேல் பதித்து, தாளை நீரில் நனைத்து உரித்தெடுத்தால் படம் மட்டும் இரும்பின்மேல் தங்கும். அதைக் காக்க மேலே ஒரு பூச்சு வார்னிஷ். இன்றைய பிளாஸ்டிக் ஒட்டுப்படத்தை நகத்தால் உரித்துவிடலாம். பழைய படமோ வண்ணத்தோடு ஒன்றிப்போய், வண்டியோடு சேர்ந்தே முதுமை அடையும்.

கடைக்காரப் பெரியவர் விளக்கு மாட்டும் இரும்புப் பட்டையின் திருகைக் கழற்றினார். அதன் அடியில் விரற்கடை அகலத்துக்கு ஓர் ஆழ்ந்த பச்சை நிறம்! அதன் ஓரத்தில் முடி போன்ற ஒரு பொற்கோடு. வெயிலும் மழையும் மனிதக் கையும் படாததால் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் புதுமை மாறாமல் அது அங்கே ஒளிந்திருந்தது. நாங்கள் கறுப்பு என்று எண்ணிய வண்டி, பிறப்பில் பச்சை. உபதேசியாரின் துணைவியாரிடம் கேட்டபோது, “பச்ச உரிஞ்சு போச்சு சாமி. ஒரு கிறிஸ்மசுக்கு அவுகளே ஒரு டப்பா கறுப்பு வாங்கிட்டு வந்து அடிச்சாவ. பேரும் அவுக கையாலதான் எழுதினாவ” என்றார்.

இப்போது கேள்வி இன்னும் சிக்கலாயிற்று. எது உண்மையான வண்ணம்? தொழிற்சாலை கொடுத்த பச்சையா? அதை நாற்பது ஆண்டு ஓட்டியவர் தம் கையால் தீட்டிய கறுப்பா? பழைய நிலைக்குக் கொண்டுவருவோம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பழைய நிலைக்கு?

குருமடத்துப் பாடம்

குருமடத்தில் மெய்யியல் படித்த நாள்களை நினைத்துக்கொண்டேன். பொருளின் உட்பொருண்மை வேறு, அதைச் சார்ந்து நிற்கும் பண்புகள் வேறு என்று அரிஸ்டாட்டிலின் வழியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். நிறம் ஒரு சார்புப் பண்பு. வெள்ளைச் சுவருக்கு நீலம் பூசினால் சுவர் வேறாகிவிடுவதில்லை. அவ்வாறாயின் உபதேசியாரின் வண்டிக்குப் பச்சை பூசினால் என்ன, கறுப்பு பூசினால் என்ன? வண்டி வண்டிதான்.

கிரேக்கர்களின் பழைய புதிர் ஒன்றையும் படித்தோம். தெசேயு என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் போற்றிப் பாதுகாத்தார்கள். மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகைகளும் மாறிய பின் அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் இதற்கு இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து வேறொரு கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தெசேயுவின் கப்பல்?

மாணவர்களாக நாங்கள் இதைப் பேசிச் சிரித்தோம். ஆனால் கடைவீதியில் அந்த வண்டியின் முன் நின்றபோது, பாடத்தில் ஏதோ விடுபட்டிருப்பதாகத் தோன்றிற்று. வண்டியின் டயர்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. செயின் மாறியிருக்கிறது, சீட்டு மாறியிருக்கிறது. அவற்றை மாற்றியதால் இது உபதேசியாரின் வண்டி அன்று என்று யாரும் சொல்லவில்லை. அப்படியிருக்க, செயின் கவரில் இருந்த நான்கெழுத்துப் பெயரை அழிக்க வேண்டும் என்றபோது மட்டும் ஏன் நெஞ்சில் முள் தைத்தது?

டயர் சுமக்கிறது, பெயரோ பேசுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் நான் தவறவிட்டிருந்தேன். பொருளின்மேல் உள்ள எழுத்தும் சின்னமும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. சொல் இருக்கும் இடத்தில் உண்மையும் பொய்யும் வந்துவிடுகின்றன. நாரைத் தலைச் சின்னம் ‘நான் இன்ன பட்டறையில் பிறந்தேன்’ என்று சொல்கிறது. அம்பத்தூரில் பிறந்த வண்டியின்மேல் அதை ஒட்டினால், வாய் திறவாமலே ஒரு பொய் சொல்லப்படுகிறது. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி எழுதியபோது, மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லாலோ வேறு எந்த அடையாளத்தாலோ மற்றொன்றை வெளிப்படுத்துவதைப் பொய் என்றார். வேறு எந்த அடையாளத்தாலோ! பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஒட்டுப்படத்துக்கும் அவர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

ஒற்றைக்கண் குதிரை

புனித தோமா அக்குவினா இதை இன்னும் நடைமுறையாக ஆராய்கிறார். விற்கும் பொருளின் குறையை விற்பவன் சொல்லியாக வேண்டுமா என்று தம் இறையியல் தொகுப்பில் கேள்வி எழுப்புகிறார். வாங்குபவனுக்கு ஆபத்தோ இழப்போ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் விடை. குறை வெளிப்படையாகத் தெரிந்தால், விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தால், சொல்லத் தேவையில்லை. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒற்றைக்கண் குதிரை. குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பதை வாங்குபவனே பார்த்துக்கொள்வான்.

பழைய மிதிவண்டி ஓர் ஒற்றைக்கண் குதிரை. அதன் துருவும் நெளிவும் வெளிப்படையாக நிற்கும்வரை அது யாரையும் ஏமாற்றுவதில்லை. பூசுகின்ற வண்ணம் அந்தக் குருட்டுக் கண்ணை மறைக்கத் தொடங்கும்போதுதான் அறக்கேள்வி பிறக்கிறது. சட்டத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதில் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, எனாமல் பூசி, மேலே அழகான படத்தையும் ஒட்டிவிட்டால், வாங்கியவன் ஓட்டும் ஒருநாள் சட்டம் முறிந்து அவன் பல் போகலாம், உயிரும் போகலாம். நல்ல வேளையாக இந்த வண்டியில் வெடிப்பு இல்லை. ஆனால் போலிச் சின்னம் ஒட்டி அதிக விலை பெறுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த குற்றமே. பாட்டியின் கூரை அந்தப் பணத்தில் நிமிர்ந்தாலும், அதன் உத்தரம் ஒரு பொய்யின்மேல் நிற்கும்.

இதைப் பேரனிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “அப்படின்னா ஃபாதர், புதுப்பிக்கிறதே பொய்யா? துருப்பிடிச்சுச் சாகட்டும்னு விட்டுடணுமா?”

நியாயமான கேள்வி. அதற்கு உடனே விடை சொல்லாமல் அவரிடம் என் பழைய கதை ஒன்றைச் சொன்னேன்.

நான் செய்த தவறு

குருத்துவத் திருநிலைப்பாடு பெற்ற மூன்றாம் ஆண்டில் நான் வேறொரு பங்கில் பணியாற்றினேன். அங்கே மரத்தில் செதுக்கிய பழைய மாதா சுரூபம் ஒன்று இருந்தது. வண்ணம் மங்கி, விரல் நுனிகள் சிதைந்து, மூன்று தலைமுறை மக்கள் தொட்டு முத்தி செய்ததால் பாதங்கள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. திருவிழாவுக்கு முன் எல்லாவற்றையும் அழகாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆர்வம். யாரையும் கலந்து பேசவில்லை. வண்ணம் தீட்டுபவரை அழைத்தேன். அவர் தேய்ந்த பாதங்களைப் பட்டியால் நிரப்பினார். நீலமும் வெள்ளையும் ரோசாவுமாக எனாமல் பூசினார். பார்த்தவுடன் கண்ணைப் பறித்தது. எனக்குப் பெருமை.

கொடியேற்றத்தன்று முதிய தாய் ஒருவர் பீடத்தின்முன் வந்து நின்றார். வழக்கம்போல் பாதத்தைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, குறைகூறும் தொனியே இல்லாமல், “எங்க மாதாவ எங்க சாமி வச்சிருக்கிய?” என்று கேட்டார்.

நான் விளக்கம் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆனால் அதன்பின் அவர் அந்தப் பாதத்தைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. அவருடைய தாயும் அவருடைய பாட்டியும் வைத்த முத்தங்களை நான் பட்டி வைத்து அடைத்துவிட்டேன் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தேய்மானம் குறையன்று. அது ஒரு சமூகத்தின் செபம் எழுதப்பட்டிருந்த ஏடு. அதை நான் அழித்தேன். நல்லெண்ணத்தோடு அழித்தேன். நல்லெண்ணம் அந்த ஏட்டைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

தென்காசி மன்னரின் வணக்கம்

அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடுவதே நேர்மையா? அதுவும் சரியன்று. நம் தென்காசியே அதற்குச் சான்று. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்கே ஒரு வியப்பான செய்தியைக் கல்வெட்டாகப் பொறித்தான். பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் சேதம் நேர்ந்து, அதை யார் வந்து சரிசெய்தாலும், அவர்களை உலகறியத் தான் பணிவதாக அவன் சொல்கிறான். தன்னைப் புகழச் சொல்லாமல், இன்னும் பிறக்காத ஒரு பழுதுபார்ப்பவனை வணங்கிய மன்னன் அவன்! பின்னாளில் அக்கோயிலின் கோபுரம் உண்மையாகவே சிதைந்து, நீண்ட காலம் பிளவுண்டு மொட்டையாக நின்றது. 1990இல் ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்தது. அந்தக் கோபுரம் பாண்டியன் காலத்தது என்று யாரும் பொய் சொல்லவில்லை. பழைய கல்வெட்டும் இருக்கிறது. புதிய கோபுரமும் இருக்கிறது. எது எக்காலத்தது என்பதும் தெரிகிறது. பழுதுபார்ப்பவர் வணக்கத்துக்குரியவர், அவர் தம் வேலையைத் தம் வேலையாகவே காட்டும்வரை.

ஐரோப்பாவில் இதே நேர்மையை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். இத்தாலியின் வித்தெர்போ நகரத்தில் 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் ஓர் ஆலயத்துச் சிற்றாலயத்தின் சுவரோவியங்கள் ஆயிரக்கணக்கான சில்லுகளாகச் சிதறின. உரோமையின் மையப் புதுப்பித்தல் நிறுவனத்தார், சேசரே பிராந்தியின் தலைமையில், அச்சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். கிடைக்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பி ஏமாற்றவில்லை. வெறுமையாக விட்டுப் படத்தைச் சிதைக்கவும் இல்லை. மெல்லிய செங்குத்துக் கோடுகளால் அவ்விடங்களை நிரப்பினார்கள். தொலைவில் நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். அருகில் சென்றால் கோடுகள் தெரியும். இது பழையது, இது பின்னர் சேர்த்தது என்று கண் அறிந்துகொள்ளும். 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்களும், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்று விதி வகுத்தார்கள்.

துரு வேறு, தேய்மானம் வேறு

இந்தச் சிந்தனைகளோடு மீண்டும் அந்த வண்டியைப் பார்த்தேன். கடைக்காரப் பெரியவர் ஒரு பழந்துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கு விலக விலக, இரு வகையான காயங்கள் தெரிந்தன.

மட்கார்டின் உட்புறத்திலும் சட்டம் கூடும் மூட்டுகளிலும் துரு ஏறியிருந்தது. பல சாரல் காலங்கள் கவனிப்பார் இல்லாமல் கொட்டகையில் நின்றதால் வந்தது அது. விட்டுவிட்டால் இரும்பைத் தின்று ஓட்டையாக்கிவிடும்.

சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியிலோ வேறு காட்சி. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு வண்ணமே இல்லை. இரும்பு வெள்ளி போல் மின்னியது. பாட்டியார் அதற்கு விளக்கம் தந்தார். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளையும் நடக்க முடியாத முதியவர்களையும், கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்து, சுரண்டைக்கும் தென்காசிக்கும் மருத்துவமனைக்கு அவர் கொண்டுபோவாராம். பின்புறக் கேரியரில் இரண்டு தடங்கள். குருவானவர் கிராமத்துக்கு வரும் நாள்களில் பூசைப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய தடங்கள்.

துரு வேறு, தேய்மானம் வேறு என்று அன்று கண்டேன். துரு புறக்கணிப்பால் வருகிறது; தேய்மானம் பயன்பாட்டால் வருகிறது. துரு பொருளை அழிக்கிறது. தேய்மானம் பொருளின் வரலாற்றைச் சொல்கிறது. துருவை நீக்காமல் விடுவது சோம்பல். தேய்மானத்தை மூடி மறைப்பது நன்றிகேடு. நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சிலர் பழமையைப் போற்றுகிறோம் என்று சொல்லித் துருவையும் சேர்த்துப் போற்றுகிறார்கள். வேறு சிலர் புதுமை வேண்டும் என்று சொல்லித் தேய்மானத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடுகிறார்கள். பொருள்களில் மட்டுமா? குடும்பங்களில், நிறுவனங்களில், நம் வழிபாட்டு மரபுகளில், நம் சொந்த மனங்களில்கூட இதே குழப்பம் நேர்கிறது. முதிய பெற்றோரின் நடுங்கும் கையையும் மறதியையும் மறைக்க வேண்டிய குறையாகக் கருதி, விருந்தினர் வரும்போது அவர்களை உள்ளறைக்கு அனுப்புகிற வீடுகள் உண்டு. அது தேய்மானத்தைத் துருவென்று எண்ணும் பிழை. நெடுநாள் பகையைக் குடும்ப மானம் என்று பேணி வளர்க்கிற வீடுகளும் உண்டு. அது துருவைத் தேய்மானம் என்று எண்ணும் பிழை.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே ஒரு மலை உச்சியில் கிசால்லோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. அந்த மாதாவை மிதிவண்டி ஓட்டுபவர்களின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949இல் அறிவித்தார். பெரும் வெற்றிகள் கண்ட வீரர்கள் தங்கள் வண்டிகளை அங்கே காணிக்கையாக்கினார்கள். அவற்றுக்கிடையே நசுங்கிய வண்டி ஒன்றும் இருக்கிறது. பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பாபியோ காசர்தெல்லி என்னும் இளைஞர், 1995ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் மலைச்சரிவில் விழுந்து இறந்தார். அவருக்கு அப்போது வயது 24. அவர் ஓட்டிய வண்டி அது. அதை நிமிர்த்தி வண்ணம் பூசித்தான் மாட்ட வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. நெளிந்த நிலையிலேயே அது அங்கே செபிக்கிறது.

உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றியபோது காயங்களோடுதான் தோன்றினார். சாவை வென்ற உடல் அது. அழிவின் துரு அதில் இல்லை. ஆனாலும் ஆணித் தழும்புகள் இருந்தன. அவற்றைக் கண்டே தோமா அவரை அறிந்துகொண்டார். கடவுள் நம்மைப் புதுப்பிக்கும்போது நம் பாவத்தை நீக்குகிறார். அன்பினால் ஏற்பட்ட தழும்புகளை அழிப்பதில்லை.

நடந்தது என்ன?

முடிவில் மூவருமாக அமர்ந்து பேசினோம். துருவை மட்டும் நீக்குவது என்று முடிவாயிற்று. கடைக்காரப் பெரியவர் துருவேறிய இடங்களை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, பழைய கறுப்புக்கு நெருங்கிய ஒரு கறுப்பைத் தொட்டுத் தொட்டு வைத்தார். உற்றுப் பார்த்தால் புதிய இடம் தெரியும். “தெரியட்டும் சாமி” என்றார். விளக்குப் பட்டைக்கு அடியிலிருந்த பச்சையை அப்படியே விட்டுவிட்டார். குறுக்குக் கம்பியின் வெற்று இரும்பு மீண்டும் துருப்பிடிக்காதிருக்க, அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு மட்டும். பெயரும் சிலுவையும் தொடப்படவில்லை. நாரைத் தலைப் படங்கள் உறையிலேயே இருந்தன. அவற்றை அவர் பேரனிடம் திருப்பிக் கொடுத்து, “ராலே வண்டி வச்சிருக்கவன் யாராவது கேட்டா கொடு தம்பி. அங்கதான் அதுக்கு எடம்” என்றார். அதுவும் ஒரு பாடம். படம் பொய்யன்று, அது ஒட்டப்படும் இடமே அதை மெய்யாக்குகிறது அல்லது பொய்யாக்குகிறது.

விடுதிக்காரர்களிடம் பேரன் உண்மையைச் சொன்னார். உள்ளூர் ஹெர்குலிஸ் என்றதும் அவர்கள் ஆர்வம் குறைந்து, வேண்டாம் என்றுவிட்டார்கள். கூரை வேலையை அவர் கடன் வாங்கித்தான் தொடங்கினார். தவணை இன்னும் முடியவில்லை. அவர் முழு மனநிறைவோடு போனார் என்று நான் சொல்லமாட்டேன். உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையைச் சில நேரங்களில் நாம் மாதத் தவணையாகக் கட்டவேண்டியிருக்கிறது.

ஆயினும் அண்மையில் அந்த வீட்டுக்குச் சென்றபோது ஒரு காட்சி கண்டேன். வண்டி திண்ணையில் நின்றது. பாட்டியார் ஒரு துணியில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த பேரனின் சிறுமகள் அந்தப் பளபளத்த குறுக்குக் கம்பியைத் தொட்டு, “இங்க மட்டும் ஏன் பெயிண்ட் இல்ல?” என்று கேட்டாள்.

பாட்டியார் துணியைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினார். புதிய வண்ணம் பூசியிருந்தால் அந்தக் குழந்தைக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருந்திராது. அன்புள்ள வாசகர்களே, நம் வீட்டிலும் நம் பங்கிலும் பழையதொன்றைப் புதுப்பிக்கத் தூரிகையை எடுக்கும் முன், நாம் தொடப்போவது துருவா, தேய்மானமா என்று ஒருகணம் நின்று கேட்டுக்கொள்வோம்.